அந்தோணிமேரி ஜாடி

ஆஷ்லினுக்குச் சம்பளம் கொடுப்பதே கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடி அலைவதற்குத்தான். காட்டு ஈஸ்ட். திராட்சைத் தோலில், கொடியில், மண்ணில், ஒயின் நொதிக்கிற நிலவறைச் சுவரில் என்று ஒரு இடம் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற நுண்ணுயிர். தோட்டத்துக்குத் தோட்டம் அதன் கூட்டம் வேறு, அதனால் ஒயினின் வாசமும் வேறு. அவளுக்கு வேலை புனேயில். நாசிக் பக்கம் அவள் கால் படாத திராட்சைத் தோட்டம் குறைவு. நிலவறைக்குள் புகுந்தால் சுவர், பீப்பாய், குழாய் வாய், பழத்தைச் சுற்றுகிற ஈ வரைக்கும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி டியூபில் அடைத்துக்கொண்டுதான் வெளியே வருவாள். எல்லாம் சரி. பெற்ற அம்மா வீட்டு ஜாடியை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஒற்றி எடுத்திருக்கலாம் இல்லையா? எடுக்கவில்லையே!

மரக்காணத்தில் அம்மா அந்தோணிமேரி வருஷா வருஷம் கிறிஸ்மஸ் ஒயின் போடுவாள். கடை ஈஸ்ட் வீட்டுக்குள்ளேயே வராது. பாண்டிச்சேரி மார்க்கெட்டில் கறுப்புத் திராட்சை வாங்கி, கழுவாமல் துணியால் மட்டும் துடைத்து, பீங்கான் ஜாடியில் சர்க்கரையோடு போட்டுக் கையாலேயே பிசைவாள். ஒயினை வடித்த பிறகும் ஜாடியைக் கழுவ மாட்டாள். அடியில் தங்கின மண்டியைக் கொஞ்சம் ஒயினோடு விட்டு, வாயில் துணி கட்டி வைப்பாள். அடுத்த வருஷத் திராட்சை அதன் தலையில்தான் விழும். கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த மண்டியின் தொடர்ச்சி அறுந்ததே இல்லை.

"கண்ணுக்கே தெரியாததுக்கா உனக்கு இவ்ளோ படிப்பு?" என்று மகளைக் கிண்டல் செய்வாள்.

"உன் ஜாடியிலதான்மா பெரிய கூட்டமே இருக்கும். அடுத்த லீவுல எடுக்கிறேன்" என்பாள் ஆஷ்லின். ஒவ்வொரு லீவும் அப்படியே போனது. அம்மா எங்கே போய்விடப் போகிறாள் என்கிற தைரியம்தான். அக்டோபரில் ஒரு நாள் துணி காயப்போட மாடிக்குப் போன அந்தோணிமேரி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு ஓடி வந்தபோது ஜாடி நினைப்பு எங்கே வரும்? திரும்பிப் போய் லேபில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அம்மா கை பட்டு வளர்ந்த ஒரு உயிர் இன்னும் அந்த ஜாடிக்குள் இருக்கிறது. அதை எடுத்து வளர்த்துவிட்டால் அம்மாவில் ஒரு துளியாவது சாகாமல் இருக்கும். படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வந்தபோது அவள் பையில் துணிமணியைவிட டியூப்தான் அதிகம் இருந்தது.

அப்பா கஸ்பார் வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "பாப்பா, இங்க வந்து பாரேன்!"

சமையலறைக்குப் பின்னால் இருக்கிற இருட்டு அறை வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. நடுவில் ஜாடியைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"நாளைக்கு சொந்தக்காரங்கள்லாம் சாப்பிட வர்றாங்க. ஜாடியில ஒரே புளிச்ச நாத்தம், ஈ வேற மொய்க்குது. உங்கம்மா பேர் கெட்டுடும்ல? கொதிக்கிற தண்ணி ஊத்தி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு, வெயில்ல காய வச்சிட்டேன். இந்த வருஷம் நீ ஒயின் போடணும். எப்படி இருக்குது?"

பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் கழுவி அறியாத மனுஷன். பிளீச்சிங் பவுடர் பட்டு விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஆஷ்லின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சூப்பரா இருக்குதுப்பா" என்றாள். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

அழுது ஓய்ந்த பிறகுதான் வேலம்மாள் ஞாபகம் வந்தது. குப்பத்திலிருந்து வீட்டுக்கு மீன் கொண்டு வருகிறவள். மேரிக்கா, மேரிக்கா என்று அம்மாமேல் உயிரையே வைத்திருந்தவள். கிறிஸ்மஸ் ஒயினில் முதல் பாட்டில் அவளுக்குத்தான். 'அக்கா குடுத்தது அப்படியே இருக்குது கண்ணு, திறக்கவே மனசு வரல' என்று அடக்கத்தன்றைக்குக்கூடச் சொல்லி அழுதாள். அந்தப் பாட்டிலின் அடிமண்டியில் கொஞ்சமாவது உயிரோடு இருக்கும்! ஆஷ்லின் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். சரி, நாளைக்குக் கல்லறைக்கு வரத்தானே போகிறாள், கேட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். நாளைக்காம் நாளைக்கு! பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள்.

மறுநாள் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் சாமந்தியும். மதில் சுவருக்கு அந்தப்பக்கம் உப்பளமெல்லாம் மழைத்தண்ணீர். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ஆஷ்லின் குனிந்து மாலையைச் சரிசெய்து நிமிர்வதற்குள், வேலம்மாள் அம்மா கல்லறையின் தலைமாட்டில் நின்று, இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்துத் திறந்துவிட்டாள்.

"குடி மேரிக்கா. நீ போட்டதுதான்."

"அத்தை! ஊத்தாதீங்க!"

கவிழ்த்தாகிவிட்டது. மிச்சம் வைத்தால் செத்தவர்களுக்குக் குறை என்று பாட்டிலின் அடியைத் தட்டித் தட்டி மண்டியையும் சேர்த்து உதறிவிட்டாள் அந்த மகராசி. மணல் அவ்வளவையும் குடித்துவிட்டது.

"என்ன கண்ணு? எங்க வழக்கத்துல செத்தவங்களுக்குப் புடிச்சதப் படைப்போம். தப்புப் பண்ணிட்டேனா?"

ஆஷ்லின் முழங்காலில் விழுந்து நனைந்த மணலை அள்ளினாள். வாயை அடக்க முடியவில்லை. "அதுல அம்மாவோட ஈஸ்ட் இருந்துச்சு அத்தை. உசுரோட இருந்துச்சு. கல்யாணம் ஆனதுலருந்து அம்மா வளர்த்தது. இனிமே எங்கேயும் கிடையாது." அந்த மணலை எடுத்துப்போய் என்ன செய்வது? மண்ணில் எத்தனையோ ஈஸ்ட் இருக்கும். அதில் எது அம்மாவுடையது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவள் கையில் எதுவும் இல்லை. தெரிந்தும் அள்ளிக்கொண்டே இருந்தாள்.

"உசுரோடவா?"

பின்னால் கஸ்பார் நின்றிருந்தார். கையில் ஏற்றின மெழுகுவர்த்தி. "அப்ப... ஜாடியில இருந்தது?"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் ஆஷ்லினுக்குப் புரிந்தது.

"ஜாடியில ஒண்ணும் இல்லப்பா. அது எப்பவோ செத்துப் போச்சு. நீங்க கழுவறதுக்கு முன்னாடியே."

"நிஜமாவா?"

"நிஜமாப்பா."

"உங்கம்மா மேல கைய வச்சு சொல்லு."

ஆஷ்லின் ஈர மணலில் உள்ளங்கையைப் பதித்தாள். "அம்மா மேல சத்தியம்."

கஸ்பாருக்கு மூச்சு வந்தது. "அப்பாடா! ஆடிப் போயிட்டேன் பாப்பா. கொதிக்கிற தண்ணிய ஊத்தி நானே அவள ரெண்டாவது தடவ சாவடிச்சிட்டேனோன்னு நினைச்சிட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்றில் அணைந்துபோன மெழுகுவர்த்தியைப் பற்றவைக்கத் தீப்பெட்டி தேடினார். ஆஷ்லின் கையை மணலிலிருந்து எடுக்கவே இல்லை.