மண் ஓரம்

வண்டி மூன்றாவது முறையாக அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. சிந்தாமணி பருத்தி மூட்டைகளின் மேலிருந்து குதித்தாள். மாசியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் கரிசல் பாகாய்க் குழைந்து கிடந்தது. மேற்கே வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் அரியலூர் ரயிலடியை எட்டாவிட்டால் மூட்டைகள் நனையும். வருஷத்துப் பாடு அதோடு போச்சு. இரண்டு முழம் தள்ளி, ஒரு சாண் உயரத்தில், தார் ரோடு கழுவிவிட்டாற்போலக் கிடந்தது. இரும்புப் பட்டை போட்ட வண்டிகள் அதில் ஏறக்கூடாது, மண் ஓரத்தில்தான் போக வேண்டும் என்று ரோடு திறந்த அன்றே பலகை நட்டிருந்தார்கள்.

அந்த ரோட்டுக்குச் சல்லி அடித்தவை ஊர் வண்டிகள்தாம். கோடை முழுக்க, கூலியில்லாமல். அவள் புருஷன் அரியமுத்து முதலில் மறுத்தான். "எங்கண்ணன் பொய் சொல்லாது. ரோடு வந்தா பருத்தி ஒரே பொழுதுல ரயிலடிக்குப் போயிரும்" என்று அனுப்பிவைத்தவள் அவள்தான். அண்ணன் ராசாங்கம் ஊருக்காகத் திருச்சிக்கு நடையாய் நடந்தான். ரோடு வந்தது. கூடவே அவன் பேரில் ஒரு பஸ்ஸும் வந்தது. அதற்கும் அவள்தான் திருஷ்டி சுற்றினாள்.

அந்த பஸ்தான் இப்போது பின்னால் வந்து நின்றது. ராசாங்கம் எட்டிப் பார்த்தான்.

"சேத்துல ஏன் நிக்கிற சிந்தாமணி? ஏறு. ஒங்கிட்ட டிக்கெட்டா கேக்கப் போறேன்?"

"மூட்டைய ஏத்திக்கிறியாண்ணே?"

"மூட்டைக்கு ஏது எடம்? மாப்ள மெதுவா வரட்டும்."

"நாளன்னிக்கு வந்துருவேன் மச்சான். ரயில நிறுத்தி வைங்க" என்றான், சேற்றில் சக்கரத்துக்குத் தோள் கொடுத்து நின்ற அரியமுத்து. பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள்.

ராசாங்கத்தின் முகம் சுருங்கியது. "சக்கரம் தாரக் கிழிக்குதுன்னு ஆபீசருங்க வண்டியே வேணாம்னாங்க. கூட்டத்துல நான்தான் எந்திரிச்சு, ஓரமா வுட்டுருங்க சார், அது போதும்னேன். நான் இல்லாட்டி இதுவும் இல்ல."

பலகையை நடச் சொன்னவன் யாரோ முகம் தெரியாத துரை என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். மழையில் கரிசல் என்ன செய்யும் என்று துரைக்குத் தெரியாது. இதே மண்ணில் ஏர் பிடித்தவனுக்குத் தெரியும்.

அவள் வலத்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தார்ப் பக்கம் திருப்பினாள்.

"இந்தா, முன்னால போலீசு நிப்பான்" என்றான் அரியமுத்து.

"நிக்கட்டும். தோள் குடுங்க."

வண்டி முனகிக்கொண்டு மேலேறி, பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றது. "கேஸாயிரும்டி" என்றான் ராசாங்கம். அவள் திரும்பவில்லை. நடு ரோட்டில் மாடுகள் தம் நடையில் நடந்தன. சக்கரங்கள் தார் மேல் இரண்டு சேற்றுக் கோடுகள் இழுத்துக்கொண்டு போயின. ஹாரன் அடித்தபடி பஸ் ஊர்ந்து வந்தது. தூரத்தில், பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்த சிவப்புத் தலைப்பாகை ஒன்று எழுந்து நின்றது.