வண்டி கேட்டு எழுதிய கடிதம்

1934 மாசியில் பாகூர் பக்கம் பருவம் தப்பி மேகம் திரண்டது. ஆதிலட்சுமியின் கரும்பாலைக் கொட்டகையில் வெல்லம் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது. கூரையோ ஒழுகும். சொந்த வண்டிகள் கரும்பு சுமந்துகொண்டிருந்தன. வெல்லத்தை ஏற்றிப்போக வேண்டியவர் புதுச்சேரி மண்டிக்காரர் அரங்கநாதன். அவருக்குக் கடிதம் போட்டு ஒரு வாரமாகியும் வண்டி வரவில்லை.

எழுதியவன் ஆதிலட்சுமியின் கொழுந்தன் குழந்தைவேல். அண்ணன் இறந்தபின் ஆலையின் எழுத்து வேலையெல்லாம் அவன்தான். ஊராருக்காகப் பிரெஞ்சு அரசின் கொம்யூன் ஆபீசுக்கு மனு எழுதிப் பழகிய கை. அன்று காலையிலிருந்து அவன் சாலைக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"அண்ணி, இன்னொரு லெட்டர் எழுதிட்டேன், கேளுங்க."

மகாராஜராஜஸ்ரீயில் தொடங்கி அரங்கநாதனின் வள்ளல் குணம், அவர் முன்னோர் பெருமை என்று பக்கம் திரும்பியது. ஆதிலட்சுமி வானத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டி எங்கப்பா வருது?"

"இதோ, கடைசியில. 'தங்கள் திருவுளம் இசையும் வேளையில் வாகன வசதி...'"

"கொட்டகை ஒழுகுதுன்னு எழுதினியா?"

அது எங்குமே இல்லை. முதல் கடிதத்திலும் எழுதவில்லை என்பது குழந்தைவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சுருங்கியது. புதுத் தாள் எடுத்தான்.

'மழை வரும்போல் இருக்கிறது. கொட்டகை ஒழுகும். புதன்கிழமைக்குள் நான்கு வண்டிகள் அனுப்ப வேண்டும்.'

கையெழுத்துப் போட்டு, மனம் மாறுமுன் தபாலில் சேர்த்தான்.

திரும்பும் வழியிலேயே பயம் பிடித்தது. பெரிய மனிதருக்குக் கட்டளை போட்டதுபோல் அல்லவா இருக்கிறது? மண்டியே கைவிட்டுப் போனால்? மறுநாள் தபால் ஆபீசுக்குப் போய்க் கடிதத்தைத் திருப்பிக் கேட்டான். அது போய்விட்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் தூறல் தொடங்கும்போது வண்டிகள் வந்தன. முதல் வண்டியில் அரங்கநாதனே இருந்தார். இறங்கியதும் ஆதிலட்சுமியைப் பார்த்துக் கேட்டார்:

"வூட்ல யாருக்கு இன்னாம்மா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவலியே. ஏன் கேக்கறீங்க?"

"இவன் லெட்டர் மூணு வரியில முடிஞ்சி நான் பாத்ததே இல்ல. ஏதோ நடக்கக்கூடாதது நடந்துபோச்சின்னு ஓடியாந்தேன்."

குழந்தைவேல் இழுத்தான். "முன்ன போட்டது..."

"அது ஏதோ வாழ்த்துன்னு நெனச்சி எடுத்து வச்சிட்டேன்பா. முழுசா யார் படிக்கிறது?"

ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தைவேல் சிரிக்கவில்லை, ஆட்களோடு சேர்ந்து சுமக்கப் போய்விட்டான். மூலையில் அடுக்கியிருந்த வெல்லம் ஏற்கெனவே கசிந்து குழைந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டு மற்றதை ஏற்றினார்கள்.

புறப்படும்போது அரங்கநாதன் அவனை அழைத்தார். "இனிமே இப்படியே எழுது. மேல மட்டும் 'எல்லாரும் சௌக்கியம்'னு போட்டுடுப்பா. வழியெல்லாம் பதறிக்கிட்டே வந்தேன்."

"சரிங்க," என்றான் குழந்தைவேல். மழை வலுத்தது. கடைசி வண்டிக்குப் படுதா போதவில்லை. பாய் எடுத்துவர அவன் வீட்டுக்கு ஓடினான்.