குழிக்கு ஒரு பிடி அரிசி

காலையிலிருந்து அஞ்சலை பதினெட்டுக் கல் உடைத்திருந்தாள். அதில் மூன்று வீணாய்ப் போயிற்று. பத்து வருஷமாய்க் கை பழகின வேலை. கல்லை இடது உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, சின்னச் சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் மேல்தோல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். மனசு வேறெங்காவது போய்விட்டால் அடி நடுவில் விழும், உள்ளே இருக்கிற சிவப்பு விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்ட அகீக் கல்லை எந்த மோதிரக்காரன் வாங்குவான்?

சனிக்கிழமை கல் பொறுக்கப் போன புருஷன் திங்கட்கிழமை சாயந்திரம் வந்திருக்க வேண்டும். அன்றைக்குப் புதன். மனசு எங்கே நிற்கும்?

மலாக்காவின் காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் போகிற வழியில்தான் கலியாணசுந்தரம் முதலாளியின் மோதிரக்கல் கடை. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் அஞ்சலை தோல் உரித்த கல்லை அப்துல் அஜீஸ் சக்கரத்தில் வைத்துத் தீட்டுவார். கல்லைக் கொண்டுவருகிறவன் அவள் புருஷன் சுப்பையன். ஜொகூர் எல்லை தாண்டி, சிகாமட் பக்கத்துக் குன்றுகளில் என்றைக்கோ நெருப்பாய் ஓடி ஆறிப்போன கறுப்புப் பாறை கிடக்கிறது. அது கொதித்தபோது விட்ட குமிழிகளுக்குள்தான் இந்தக் கல் விளைகிறது என்று சர்வே துரை ஒருவர் சொன்னாராம். சுப்பையனுக்கு அந்தப் படிப்பெல்லாம் தேவைப்படவில்லை. மழை விட்ட மறுநாள் சூரியனைப் பார்த்தபடி சரிவில் ஏறுவான். சேறு பூசின உருளைக்கிழங்கு மாதிரி கிடப்பதைத் தூக்கிக் கனம் பார்ப்பான், தட்டிப் பார்ப்பான், நுனி நாக்கால் நக்கிப் பார்ப்பான். நக்கிய இடம் காய்வதற்குள் நிறம் சொல்லிவிடுவான். மலாக்காவில் பாதிப் பேர் விரலில் போட்டிருக்கிற சிவப்புக் கல் அவன் எச்சில் பட்டதுதான்.

டீ குடிக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்த அஜீஸ் திரும்பி வந்து, சக்கரத்துக்குப் போகாமல் அவள் எதிரில் குந்தினார்.

"தங்கச்சி, சுத்தியலக் கீழ வை."

"என்ன பாய்?"

"சிகாமட் பஸ் ட்ரைவர் சொன்னான். சுப்பையனப் புடிச்சுட்டாங்களாம். ஞாயித்துக்கிழமையே. சோல்ஜருங்க காட்டுல மடக்கி மாத்தாகிட்ட ஒப்படைச்சுட்டாங்க."

"போலீஸ்லயா? எதுக்கு? கல்லெடுக்க மொதலாளிகிட்ட பெர்மிட் இருக்கே! அவரு என்ன திருடினாரா?"

"கல்லுக்கு இல்லம்மா. அரிசிக்கு."

மேற்கொண்டு அவர் அஞ்சலைக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கல் எடுத்த குழியை வெறும் வயிற்றோடு விடக்கூடாது. இது கல் பொறுக்குகிறவர்கள் வழக்கம். எடுத்த இடத்தில் ஓர் இலையைக் கிள்ளிப் போட்டு, ஒரு பிடி பச்சரிசி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். மண் கொடுத்ததற்கு மண்ணுக்குச் சோறு. எவன் தொடங்கினான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காலம் கெட்டுக் கிடந்தது. மலாக்கா கெடுபிடி நீங்கி வெள்ளை வட்டாரமாகி நாலு வருஷம் ஆகிறது. சிகாமட் பக்கம் இன்னும் கறுப்புத்தான். காட்டிலிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாதென்று அங்கே ஊரைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வேலிக் கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை கொண்டுபோக முடியாது. பால் டின்னைக்கூடச் சேர்த்துவைக்க முடியாதபடி கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள்.

இது தெரிந்துதானே சுப்பையன் வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடை வாசலில் நின்று கெஞ்சினான்! அஞ்சலை பக்கத்தில்தான் இருந்தாள். அஜீஸும் இருந்தார்.

"மொதலாளி, இந்தத் தடவ அரிசி வேணாங்க. கேட்டுல துணிய அவுத்துப் பாக்கிறான். மாட்டினா தலையே போயிரும்."

கலியாணசுந்தரம் பித்தளைப் படியைச் சாமி படத்துக்கு முன்னால் காட்டிவிட்டு, தன் கையாலேயே அரிசியை அளந்து துணியில் கொட்டினார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து நடக்குற காரியம்டா. குழி பட்டினி கெடந்தா அப்புறம் கல்லு கண்ணுல படாது. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்? இது சாமி காரியம். எவனாவது கேட்டா என் பேரச் சொல்லு."

வேண்டாம் என்றால் கல்லுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வார். சுப்பையன் அதை வாங்கிக் கைலி மடிப்பில் சுருட்டிக்கொண்டான்.

அஞ்சலை முந்தானையை உதறிக்கொண்டு கடைக்குள் ஓடினாள். உள்ளே நாலைந்து பேர் காகிதம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்டு கடைசியில் வரப்போகிற மலாயா சுதந்திர நாளுக்கு ஊர் இந்தியர்கள் சார்பில் ஒரு அலங்கார வளைவு கட்டுவதாய் ஏற்பாடு. முதலாளிதான் கமிட்டித் தலைவர். அவளைக் கண்டதும் எழுந்து ஓரமாக வந்தார்.

"தெரியும். காலையிலயே சேதி வந்திருச்சு. சும்மா பதறாத அஞ்சல. விசாரணை வைப்பாங்க. நான் வந்து சொல்றேன்."

"அரிசி நீங்க குடுத்ததுன்னு சொல்லிருங்க மொதலாளி. அது போதும்."

"சொல்றேன்னு சொல்றேன்ல? நான் இருக்கையில உனக்கென்ன?"

அவள் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை நினைத்துப் பின்னால் எத்தனையோ நாள் தன் கையைத் தானே கடித்துக்கொள்ளலாம் போல அவளுக்கு இருந்தது.

சுப்பையனை மலாக்காவுக்குக் கொண்டுவந்து விசாரிக்கப் பதினாறு நாள் ஆயிற்று. அந்தப் பதினாறு நாளும் அவள் கொட்டகையில் உட்கார்ந்து கல் உடைத்தாள். விசாரணை நாளன்று மகள் சந்திரமதியை வீட்டுக்காரச் செட்டி அம்மாளிடம் விட்டுவிட்டு, விடிந்தவுடனேயே போய் வராந்தாவில் நின்றுகொண்டாள். ஒரு கையில் விலங்கோடு அவனைக் கூட்டிவந்தார்கள். கீழுதடு வீங்கிக் கறுத்திருந்தது.

"அடிச்சாங்களா?"

"அத விடு. பாப்பா எங்க?"

"வீட்டுக்காரம்மாகிட்ட இருக்கா. அப்பா எங்க எங்கன்னு உசுர வாங்குறா."

"மொதலாளி வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு வந்திருக்காரு. பாயும் கூட வந்திருக்காரு."

சுப்பையன் வீங்கின உதட்டோடு சிரித்தான். "அப்ப ஒண்ணும் ஆவாது. நான் அவரு பேரத்தான் சொல்லியிருக்கேன்."

உள்ளே நீள மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள், நடுவில் வெள்ளைக்காரர். மேசைமேல் ஏழு இலைப் பொட்டலம் வரிசையாக வைத்திருந்தது. ஏழு குழியில் எடுத்த அரிசி. பூஞ்சை பிடித்துப் பச்சையாகிக் கிடந்தது. சரிவின் கீழேயிருந்து உச்சி வரைக்கும் அடையாளம் போட்ட மாதிரி வைத்திருக்கிறது, காட்டிலிருக்கிறவர்களுக்கு வழி காட்டித்தான் வைத்திருக்க வேண்டும் என்று ராணுவத்தின் அறிக்கையைப் படித்தார்கள்.

"யாருக்கு வச்ச?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"மண்ணுக்குங்க."

அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர் பேனாவை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

"மண்ணு அரிசி திங்குமான்னு கேக்கிறாரு."

"திங்காதுங்க. வழக்கமுங்க. அரிசி மொதலாளி குடுத்தாரு. கேட்டுப் பாருங்க, அந்தா உக்காந்திருக்காரு."

ஒரு பிடி அரிசியை வைத்து எவன் பசியாறுவான் என்று அந்த மேசையில் இருந்த படித்தவர்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஏழு பொட்டலத்தையும் கொட்டி வடித்தால் ஒரு ஆளுக்கு இரண்டு வேளை காணாது.

கலியாணசுந்தரம் எழுந்தார். கோட்டுப் பொத்தானைச் சரிபண்ணிக்கொண்டார். சுப்பையனைப் பார்க்கவில்லை, அஞ்சலையையும் பார்க்கவில்லை. அவருக்குச் சரளமாக இங்கிலீஷ் வரும். இரண்டே நிமிஷம் பேசினார். கடைசியில் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் தம் கடமையைச் செய்தார்.

"அரிசி நான் குடுக்கலைங்கிறாரு. சட்டம் தெரிஞ்சவரு, ஆளுங்களுக்கு முன்னாடியே எச்சரிக்கை பண்ணியிருக்காராம். இவன் சொந்தத்துல செஞ்சதுக்குத் தான் பொறுப்பில்லைங்கிறாரு."

"அடப்பாவி!" அஞ்சலை எழுந்தேவிட்டாள். "உன் கையாலதானேய்யா அளந்து போட்ட! சாமி படத்துக்குக் காட்டிட்டுப் போட்டியே! என் ரெண்டு கண்ணால பாத்தேனே!"

போலீஸ்காரர் அவள் தோளை அழுத்தினார். அதற்குள் அப்துல் அஜீஸ் எழுந்துவிட்டார். தீட்டுப்பொடி படிந்து வெளுத்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "நானும் பாத்தேன் துவான். அல்லா மேல ஆணையா மொதலாளிதான் குடுத்தாரு" என்று மலாயிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. அவர் பேரைக்கூட யாரும் எழுதிக்கொள்ளவில்லை. சுப்பையன் மட்டும் முதலாளியின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம், இன்னொரு தரம் சொல்வார் என்று காத்திருப்பவன் மாதிரி இருந்தது.

வெளியே படிக்கட்டில் அஞ்சலை முதலாளியை மறித்துக்கொண்டாள்.

"என் பேரச் சொல்லுன்னீங்களே. சொன்னாரே! சாமி காரியம்னீங்களே, அந்தச் சாமி இப்ப எங்க போயி ஒளிஞ்சுக்கிச்சு?"

"கத்தாத. ஒத்துக்கிட்டா என்னையும்தான் உள்ள தள்ளுவான். பெர்மிட்டப் புடுங்குவான். அப்புறம் உங்க எல்லார் வயித்துலயும் மண்ணுதான்."

"இப்ப மட்டும் எங்க வயித்துல என்ன பாலும் சோறுமா இருக்கு? ஊருக்கு வளைவு கட்டுறாராம் வளைவு! நிமிந்து நின்னு ஒரு உண்மையச் சொல்ல முதுகெலும்பு இல்ல!"

அவர் முகம் கறுத்தது. அஜீஸ் பக்கம் திரும்பினார். "பாய், நாளையிலேர்ந்து நீங்க கொட்டகைக்கு வரவேணாம்."

"வர்றதா இருந்தா நான் ஏன் மொதலாளி எழுந்து நின்னேன்?" என்றார் அஜீஸ்.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. குடியுரிமை இல்லாதவன், நாட்டின் பாதுகாப்புக்கு ஆகாதவன், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பவும். திருப்பி! போயிருந்தால் அல்லவா திருப்புவதற்கு? குடியுரிமைக்கு அவன் இரண்டு தடவை எழுதிப்போட்டான். பிறந்த சூரட், அதாவது பிறப்புப் பத்திரம், எங்கே என்று கேட்டார்கள். அவன் பிறந்தது செங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில். தோட்டத்து ஆபீஸ் ஏடுகளெல்லாம் ஜப்பான்காரன் காலத்திலேயே எரிந்துபோயின. பெற்றவளைக் கேட்கலாமென்றால் அவளும் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆயிற்று.

கப்பலேற்றுகிறவர்களுக்கு அச்சடித்த பாரம் நிரப்புகிற ஆபீசில் தமிழ்க் கிராணி ஒருவர் இருந்தார். சன்னலுக்கு வெளியே ஏணி வைத்து, கம்பத்துக்குக் கம்பம் வண்ணக் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுப்பையனை ஒரு போலீஸ்காரர் பிடித்திருந்தார். ஆறு வயதுச் சந்திரமதி அப்பாவின் விலங்கில்லாத கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொந்த ஊர்?" என்றார் கிராணி.

"காஜா பெராங்குங்க."

"அது நீ குடியிருந்த இடம். சொந்த ஊர் கேக்கிறேன்."

"அதாங்க எனக்கு ஊரு. பொறந்தது செங்ல."

"அட, இந்தியாவுல எந்த ஊருப்பா? எந்த ஜில்லா?"

"அங்க எனக்கு யாருமில்லைங்க. நான் கப்பலக் கண்ணால பாத்ததில்ல."

"உங்கப்பன் எந்த ஊர்லேர்ந்து வந்தான்?"

"எனக்கு நெனவு தெரியறதுக்குள்ள காய்ச்சல்ல செத்துட்டாரு. அம்மா சொன்னதில்லைங்க."

கிராணி பேனாவை மைக்கூட்டின்மேல் வைத்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அலுத்துப் போனவராகத் தெரிந்தார். "இந்தக் கட்டத்தச் சும்மா விட்டா துரை கையெழுத்துப் போடமாட்டாரு."

"போடாட்டி நல்லதுதானே சார்?" என்றாள் அஞ்சலை.

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த கப்பல் அட்டவணையை இழுத்து விரலை ஓட்டி, ஒரு பெயரைப் பார்த்துக் கட்டத்தில் எழுதினார். எழுதுகிறதை வாய்விட்டும் சொன்னார்.

"நாகப்பட்டினம்."

"அது என் ஊரு இல்லைங்களே" என்றான் சுப்பையன்.

"கப்பல் அங்கதான் நிக்குது."

தோரணம் கட்டுகிறவன் கீழே நிற்கிறவனிடம் இன்னும் கொஞ்சம் கயிறு கேட்டான். கிராணி பாரத்தைத் திருப்பி வைத்தார்.

"குடும்பம் கூடப் போகுதா?"

சுப்பையன் அவளைப் பார்த்தான். "நீ இரு அஞ்சல. பாப்பா படிக்கட்டும். பாயி பாத்துக்குவாரு" என்றான்.

"வாய மூடுங்க. தனியா உங்கள எந்தக் கரையில கொண்டுபோயித் தள்ளுவானுங்களோ, நான் இங்க உக்காந்து கல்லு ஒடைச்சுக்கிட்டு இருக்கணுமா?" சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்த துணிப்பையைப் பிரித்து, நாலாய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தாள். "நாங்க போறோம். ஆனா எம் பொண்ணு இங்க பொறந்தவ சார். மலாக்கா ஆஸ்பத்திரியில. இதோ சூரட். முத்திரை இருக்குது பாருங்க. நாளைக்கு இவ திரும்பி வரணும். அத எழுதிக்கங்க."

கிராணி காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை சரியாகத்தான் இருந்தது. பழைய மடிப்பிலேயே மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்குப் பாரத்துல எடமில்லம்மா."

சுப்பையன் பெயருக்குக் கீழே அஞ்சலை என்று எழுதினார். ஊர்க் கட்டத்துக்கு வந்ததும், மேலே இருக்கிறதேதான் என்று இரண்டு சின்னக் கோடு போட்டார். அதற்குக் கீழே சந்திரமதி என்று எழுதினார். அந்தக் கட்டத்திலும் அதே இரண்டு கோட்டைப் போட்டுவிட்டு, மை ஒற்றுகிற தாளை வைத்து அழுத்தினார்.