ஆடு ஆண்ட ஊர்

பிரெஞ்சு பேசும் நகரத்து ஜான்-டலோன் சந்தையில் றொசானாவும் கணவன் றொக்சனும் வேலை செய்த மரக்கறிக் கடைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர் ஓவன். வேல்ஸ் பக்கத்துச் சின்ன ஊர்க்காரர். தன் ஊரை ஒரு ஆடு பன்னிரண்டு வருடம் மேயராக இருந்து ஆண்டது என்றும், ஓயாத மழைமீது ஊரார் வழக்குப் போட்டு வென்றார்கள் என்றும் முகம் மாறாமல் சொன்னார்.

றொக்சன் வாயைப் பிளந்து கேட்டான். றொசானாவுக்கோ மனம் ஒப்பவில்லை. இந்த ஆள் வேறு எதையெல்லாம் அளந்திருப்பார்? போனில் தேடினாள். ஊர் இருந்தது, ஆட்டைக் காணவில்லை.

மறுநாள் தக்காளி அடுக்கும்போது, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நேரே கேட்டுவிட்டாள். "ஓவன், எல்லாம் பொய்தானே?"

"பொய்தான்," என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். "எங்கள் ஊரில் ஒன்றுமே நடந்ததில்லை. உங்கள் மன்னாரைப் போலவா? அங்கே ஞாயிறு பூசைக்குக் கழுதைகள்தான் மணி அடிக்குமாமே. றொக்சன் சொன்னார்."

மன்னாரில் பிறந்து வளர்ந்த றொசானா மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா, இந்த மனுசனுக்கு வேற என்னென்ன சொல்லி வைச்சிருக்கிறியள்?"

"பேந்து சொல்லுறன்," என்று றொக்சன் வெங்காயப் பெட்டிக்குள் குனிந்தான்.

அவள் அந்தப் பிறகு வரும் வரைக்கும் காத்திருக்கவில்லை. ஓவனைத் தனியே கூப்பிட்டு, றொக்சனிடம் கேட்டதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னாள்.