பீரோ ஓரத்து வளைவு

1

இந்தக் கதை துக்கத்தில் பிறந்தது என்றுதான் முதலில் எழுதினேன். பொய். எரிச்சலில் பிறந்தது. வீட்டுக்குள் நான் ஓட்டும் பொம்மை ரயிலின் எஞ்சின், அறையின் மூலை வளைவில் ஒவ்வொரு முறையும் முதல் பெட்டியைத் தடம் புரட்டியது.

2

தொடக்கம் ஒன்று: கோவில்பட்டியில் மழை விட்டு நான்கு நாளாகியும்

(வாக்கியம் இங்கேயே நின்றுவிட்டது.)

தொடக்கம் இரண்டு: வளைவு இறுக்கமாக இருந்ததற்குக் காரணம் ஜீனாவின் பீரோ. ஜீனா என் மனைவி. இறந்து பதினான்கு மாதம். பீரோவை நான் திறக்கவில்லை, நகர்த்தவும் இல்லை. தண்டவாளம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஜீனாவின் அண்ணன் கிங்ஸ்டன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். வந்ததும் வளைவைப் பார்த்தார்.

“பீரோவக் கொஞ்சம் தள்ளிட்டா வளைவு அகலமாயிரும்லா மாப்ள?”

“வேண்டாம் மச்சான். கொக்கியச் சரிபண்ணுதேன்.”

“ஆமா, ஒரு சாண் ரயிலுக்கு நீ பெரிய ஃபோர்மேன்!”

எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கொக்கி குட்டை. வளைவில் எஞ்சினின் பின்பக்கம் வெளியே வீசும்போது பெட்டியையும் இழுத்துவிடுகிறது. கொக்கி ஆடும் துளையை அரத்தால் அகலப்படுத்தினேன். பெட்டி புரளவில்லை. ஆனால் பீரோ அருகே கொக்கி கழன்றது.

[இங்கே கொக்கியையும் என் மனைவியையும் சேர்த்து ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். கொக்கி கொக்கிதான்.]

4

முதல் பிரதியில் கிங்ஸ்டனை ஞானியாக எழுதியிருந்தேன். அவர் கயத்தாற்றில் டயர் கடை வைத்திருக்கிறார். ஞானம் பேசமாட்டார். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கொக்கியில கொற இல்ல மாப்ள. கரிசல் மண்ணு மழைக்கு ஊதித் தரையத் தூக்கிருக்கு. பீரோ நிக்குத இடம் மட்டும் கனத்துல அமுங்கிக் கெடக்கு. எஞ்சின் கொக்கி ஒரு மட்டம், பெட்டி கொக்கி ஒரு மட்டம். பொறவு எப்படிக் கோக்கும்?”

தீப்பெட்டி அட்டையைக் கிழித்து, தாழ்ந்த இடத்தில் தண்டவாளத்துக்கு அடியில் இரண்டு மடிப்பு செருகினோம். பத்துச் சுற்று. கழலவில்லை. கிங்ஸ்டன் விசில் அடித்தார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

5

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். பீரோவை நகர்த்த வேண்டிய அவசியம் ரயிலுக்கு இனி இல்லை. அவர் எழுந்து பீரோ மேல் கை வைத்தார்.

“ரயிலுக்காவக் கேக்கல மாப்ள. நகத்துவமா?”

நான் சொன்ன பதிலை எழுதப்போவதில்லை. ‘நகத்துவோம் மச்சான்’ என்று ஒரு பிரதி இருக்கிறது. ‘இருக்கட்டும் மச்சான்’ என்று இன்னொன்று. இரண்டிலும் அவர் டீ கேட்கிறார். இரண்டிலும் ரயில் ஓடுகிறது. உங்களுக்குச் சரியென்று படுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டும் சம்மதம். போன மாதம் வரை ‘இருக்கட்டும்’ ஒன்றுதான் சம்மதம்.