தெற்கு மதகு

வற்றிப்போன சதுப்பு நிலத்துக்கு மறுபடியும் தண்ணீர் விடுவதென்று அரசு முடிவெடுத்தபோது, திட்டம் போடும் வேலை அவளிடம் வந்தது. மதகை வடக்கே வைக்கலாம், தெற்கேயும் வைக்கலாம்; வைக்கிற பக்கம்தான் தண்ணீர் ஏறி நிற்கும். வடக்கே வெறும் புதர். தெற்கே, பழைய சதுப்பில் மண்ணைக் கொட்டிக் கட்டிய ஆறு வீடுகள். அதில் ஒன்று அவளுடைய அண்ணனுடையது.

பல வருஷங்களுக்கு முன், புருஷன் செத்த பிறகு, காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையோடு அந்த வாசலில் போய் நின்றவள் அவள். அண்ணன் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "இங்க இருக்கறவங்களுக்கே இடம் பத்தல" என்றான். மழை வேறு. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாதான் துண்டு கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

கூட்டத்தில் மேலதிகாரி கேட்டார்: "வடக்கால வெச்சா யாரையும் காலி பண்ண வேண்டாமே?"

"வடக்க தண்ணி நிக்காது சார். நாணல் வேர் பிடிக்காது."

பொய். இரண்டு பக்கமும் ஒன்றுதான். அவளே அளந்து பார்த்தவள். மறுத்துப் பேச அங்கே விஷயம் தெரிந்த வேறு ஆள் இல்லை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்ற நம்பிக்கையில் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தான். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"ஒரு கோடுதானேம்மா. கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா? நீ நெனச்சா முடியும்."

"முடியும்ண்ணா."

அவன் முகம் தெளிந்தது.

"ஆனா இங்க வர்ற கொக்குக்கே இடம் பத்தல."

அவன் கதவு வரை போய்த் திரும்பினான். பிறகு மெல்லக் கேட்டான்: "நான் செஞ்சது தப்புதான். தையல்காரம்மா என்ன பண்ணாங்க? அவங்க வீடும் போகுதே."

"தண்ணிக்கு ஆள் பாத்துப் போகத் தெரியாதுண்ணா."

அவன் போன பின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழிரப்பரைக்கூடக் கையில் எடுத்தாள். கோட்டைத் தொடவில்லை.

வீடுகள் இடிபட்ட அன்று தையல்காரம்மா தன் மெஷினோடு தெருவில் நின்றாள். "உங்க அண்ணன் ஏதேதோ சொல்றாரு. நான் நம்பலம்மா. நீ அப்படிப்பட்டவ இல்ல."

"வண்டி வந்துடுச்சு, ஏறுங்கக்கா" என்றாள் அவள்.

தண்ணீர் வந்தது. நாணல் வளர்ந்தது. கூட்டம் கூட்டமாகப் பறவைகள் இறங்கின. வீடு இழந்தவர்களுக்குக் காவல் வேலை தரலாம் என்று அவளே பரிந்துரைத்தாள். வேறு வழியில்லாமல் அண்ணன் சேர்ந்தான்.

விடுமுறையில் மகளைப் பறவை பார்க்க அழைத்துப் போனாள். காக்கிச் சட்டையில் அவன் கேட்டைத் திறந்து, தலை குனிந்து சலாம் வைத்தான்.

"யாரும்மா அது?"

"வாட்ச்மேன்" என்றாள். கார் உள்ளே போனது.