மச்சானின் விசிறியும் மூன்று வாளி இரைச்சலும்

நான் சொல்லப்போகும் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். ஒன்று பொய்யானாலும் என் மூக்குக்கண்ணாடியை நானே மிதித்து உடைக்கிறேன்.

என் மனைவியின் தம்பி ஓர் ஆலையில் ஆளுயர விசிறியைப் பராமரித்துக்கொண்டிருந்தான். நான் அதே ஆலையில் அளவைப் பிரிவு. ஒரு நாள் விசிறி கிடுகிடுவென ஆடத் தொடங்கியது. நாலு மணிக்குள் காரணம் தெரியாவிட்டால் விசிறி பழைய இரும்புக்கு, மச்சான் கிடங்குக் காவலுக்கு என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"அத்தான், நீங்க கைவிட்டா நான் அம்போதான்."

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. சென்சார் பயந்துடும்."

அதிர்வை அளக்கும் அந்தச் சென்சாரை விசிறியில் ஒட்டி ஆட்டத்தைப் பதிவுசெய்தேன். ஒரே இரைச்சல். அதை வேவ்லெட் என்கிற சிற்றலைகளாகப் பிரித்தேன். பெரியவற்றை வைத்துக்கொண்டு, பொடிசுகளை இரைச்சல் என்று தள்ளுவதுதான் முறை. தள்ளினேன். மிஞ்சிய கோடு வெண்ணெய் மாதிரி வழவழத்தது.

"விசிறிக்கு ஒண்ணுமே இல்லடா."

"அப்ப ஆடுறது யாரு, நானா?"

தள்ளிய இரைச்சல் கம்ப்யூட்டரில் இடம் போதாமல் தரையில் கொட்டியது. கூட்டி அள்ளினோம், மூன்று வாளி. கொட்டப் போகும்போது மூன்றாவது வாளி மட்டும் 'டொக்' என்றது. விசிறியின் சுற்றுக்கு ஒரு டொக். பொடிசாக இருந்த பாவத்துக்கு அதையும் தள்ளியிருக்கிறேன்!

அந்த டொக்கைக் கழுவித் துடைத்துக் கோட்டில் திரும்பச் சேர்த்தேன். வேகத்தை ஏற்றியபோது ஆட்டம் அதே விகிதத்தில் ஏறவில்லை. ஓர் அளவுவரை தாராளமாக ஆடி, பிறகு எதிலோ முட்டியது. அந்த முட்டல்தான் டொக். எங்கோ போல்ட் தளர்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது. அத்தனையையும் ஒரே சமன்பாடாகக் காகிதத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் காகிதம் ஆடத் தொடங்கியது. மேலே சுத்தியலை வைத்தோம். சுத்தியலும் ஆடியது.

மேலாளர் நாலுக்குச் சரியாக வந்தார். "என்னய்யா இது?"

"உங்க விசிறி சார். சுருக்கமா எழுதியிருக்கேன்."

சமன்பாட்டின் நான்காவது உறுப்பைத் தொட்டுப் பார்த்தேன், அதுதான் துடித்தது. "மாப்ள, பேரிங்ல இடது பக்க போல்ட்டு." மச்சான் ஓடிப்போய் ஸ்பேனரால் இறுக்கினான். காகிதம் நின்றது. விசிறியும் அடங்கியது. விசிறியும் மச்சானும் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று மேலாளர் கையெழுத்துப் போட்டார். மச்சான் அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றான்.

அன்றைய வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே 'விடுப்பு' என்றிருக்கிறது.